படம் எடுப்பவர் பெயர் எடுப்பது எப்படி?



உங்கள் வீட்டில் கல்யாண ஆல்பம் இருக்கிறதா? சிலர் வீட்டில் அது பீரோவில் இருக்கும். சிலர் வீட்டில் டிரங்குப் பெட்டியில், பட்டுப் புடவைக்கு அடியில் இருக்கும். ஆல்பம் இல்லாத வீட்டிலும் சுவரில் ஒரே ஒரு கல்யாணப் படமாவது மாட்டியிருக்கும்.

இன்று வீட்டுக்குப் போனதும் அந்தப் படத்தைக் கையில் எடுங்கள். திருப்பிப் பாருங்கள். பழைய படம் என்றால் பின்பக்கம் ஒரு ரப்பர் முத்திரை இருக்கலாம். அதில் ஸ்டுடியோவின் பெயர் இருக்கும். ஊரின் பெயரும் இருக்கும். இத்தனை காலம் அது உங்களுக்கு வெறும் மையாகத் தெரிந்திருக்கும். இப்போது உங்களுக்குப் படிக்கத் தெரியும். எழுத்துக் கூட்டிப் படித்துப் பாருங்கள்.

அந்தப் பெயரைப் பற்றியதுதான் இந்தப் பேச்சு. கல்யாணத்தில் படம் எடுப்பவர் எப்படி நல்ல பெயர் எடுக்கிறார்? அந்தப் பெயரை எப்படிக் காப்பாற்றுகிறார்? இதைத் தெரிந்துகொள்ளப் புனே நகரத்துக்குப் போய் வாருங்கள்.

புனேயில் ஒரு கல்யாணம்

புனே மகாராஷ்டிர மாநிலத்தில் உள்ள பெரிய நகரம். முன்பு பூனா என்று சொன்னார்கள். சென்னையிலிருந்து மும்பைக்கு ரயிலில் போகிறவர்கள் வழியில் புனேயைப் பார்த்திருப்பார்கள். அங்கே ராஸ்தா பேட்டை, கட்கி, தேஹு ரோடு போன்ற இடங்களில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்கின்றன. வீட்டில் தமிழ் பேசுவார்கள். கடைத்தெருவில் மராத்தி பேசுவார்கள்.

நவம்பர் மாதம் வாக்கில் துளசிச் செடிக்குக் கல்யாணம் செய்யும் பண்டிகை வரும். அது முடிந்ததும் கல்யாண முகூர்த்தங்கள் தொடங்கும். லட்சுமி ரோட்டுப் புடவைக் கடைகளில் கூட்டம் நெரியும். கல்யாண மண்டபத்தை அங்கே மங்கள் கார்யாலய் என்று சொல்வார்கள்.

மராத்தியர் கல்யாணத்தில் ஒரு சடங்கு உண்டு. மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் நடுவே ஒரு துணியைத் திரையாகப் பிடிப்பார்கள். அதற்கு அந்தர்பாட் என்று பெயர். பெண்ணைத் தாய்மாமன் அழைத்து வருவார். குருஜி மங்களாஷ்டகம் பாடுவார். கூடியிருப்பவர்கள் அட்சதை தூவுவார்கள். 'சாவதான்' என்ற சொல் திரும்பத் திரும்பக் காதில் விழும். கவனமாக இருங்கள் என்று அதற்குப் பொருள்.

பாட்டு முடிந்ததும் திரையைச் சட்டென்று விலக்குவார்கள். வாத்தியம் முழங்கும். மாப்பிள்ளையும் பெண்ணும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். பிறகு மாலை போடுவார்கள்.

அந்தப் பார்வை ஒன்றிரண்டு விநாடிதான். அதே நேரத்தில் அட்சதை பறக்கும். யாராவது கையைத் தூக்குவார்கள். யாராவது குறுக்கே வருவார்கள். போட்டோக்காரர் அந்த விநாடியைப் பிடிக்க வேண்டும். தவறவிட்டால் என்ன செய்வது? "திரையை இன்னொரு தடவை பிடியுங்கள்" என்று சொல்ல முடியுமா? தமிழ்க் கல்யாணத்திலும் அப்படித்தான். கெட்டிமேளம் கொட்டுகிறது. தாலி ஏறுகிறது. "மறுபடியும் கட்டுங்கள்" என்று யார் சொல்வார்கள்?

தையற்காரர் தப்பாகத் தைத்தால் பிரித்துத் தைக்கலாம். இட்லி வேகாவிட்டால் இன்னொரு ஈடு வைக்கலாம். கல்யாணப் படத்துக்கு இரண்டாம் தடவை கிடையாது.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். புடவையைத் தொட்டுப் பார்த்து வாங்குகிறோம். மாட்டைப் பல் பார்த்து வாங்குகிறோம். உங்கள் மகளின் கல்யாணப் படத்தை முன்கூட்டியே பார்க்க முடியுமா? முடியாது. அதை இன்னும் எடுக்கவே இல்லை. ஆனால் அட்வான்ஸ் கொடுத்தாக வேண்டும். அப்படியானால் எதைப் பார்த்துக் கொடுப்பது? போட்டோக்காரரின் பெயரைப் பார்த்துத்தான்.

வியாபாரம் படித்தவர்கள் இதைப் பிராண்ட் என்பார்கள். சோப்புக்குப் பிராண்ட் உண்டு. டீத்தூளுக்கும் உண்டு. தனி ஆளுக்கும் அது உண்டு என்கிறார்கள். கிராமத்தில் இதற்கு எளிய சொல் இருக்கிறது. 'நல்ல பேர்' என்பார்கள். அவர் இல்லாத இடத்தில் நாலு பேர் அவரைப் பற்றி என்ன சொல்கிறார்களோ அதுவே அவருடைய பேர்.

நம்பிக்கை இல்லாவிட்டால்

"போட்டோ எடுத்தால் ஆயுள் குறையும்." இப்படிப் பெரியவர்கள் சொல்லி நீங்கள் கேட்டிருப்பீர்கள். அந்தக் காலத்தில் இந்தப் பயம் பல ஊர்களில் இருந்தது. இந்தப் பயத்தால் ஒருவரின் தொழிலே படுத்துவிட்டது.

அவர் பெயர் தாதாசாகேப் பால்கே. 1870-ஆம் ஆண்டு நாசிக் நகரத்துக்குப் பக்கத்தில் திரியம்பகம் என்ற ஊரில் பிறந்தார். ஓவியமும் படக்கலையும் படித்தார். பரோடா நகரில் போட்டோத் தொழில் நடத்தினார். அங்கே ஒரு வதந்தி பரவியது. கேமரா மனிதனின் சக்தியை உறிஞ்சிவிடும், அவன் செத்துப்போவான் என்று ஜனங்கள் பேசினார்கள். தொழில் நன்றாக நடக்கவில்லை. வேலை தெரிந்தவர்தான். ஆனாலும் ஜனங்கள் நம்பி வந்து உட்கார்ந்தால்தானே படம் எடுக்க முடியும்?

அதே பால்கே 1913-ஆம் ஆண்டு 'ராஜா ஹரிச்சந்திரா' என்ற சினிமாவை எடுத்தார். இந்திய சினிமாவின் தந்தை என்று இன்று அவரைச் சொல்கிறார்கள். அவ்வளவு திறமை உள்ளவருக்கும் ஒரு காலத்தில் நம்பிக்கை இல்லாமல் தொழில் நின்றது.

நம்பிக்கையைச் சம்பாதித்தவர்

இப்போது இன்னொருவர் கதையைக் கேளுங்கள். அவர் பெயர் தீன் தயாள். 1844-ஆம் ஆண்டு மீரட் நகருக்குப் பக்கத்தில் சர்தானா என்ற ஊரில் பிறந்தார். ரூர்க்கியில் பொறியியல் படித்தார். இந்தூரில் அரசாங்க வேலை பார்த்தார். 1870-களில் கேமராவைக் கையில் எடுத்தார். பிறகு வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் படம் எடுத்தார்.

ஐதராபாத் நிஜாம் அவரைத் தம் அரண்மனைப் போட்டோக்காரராக வைத்துக்கொண்டார். ராஜா என்ற பட்டமும் கொடுத்தார். தீன் தயாள் பம்பாயிலும் ஸ்டுடியோ திறந்தார்.

அவர் செய்த ஒரு காரியத்தைக் கவனியுங்கள். அந்தக் காலத்தில் பெரிய வீட்டுப் பெண்கள் பலர் கோஷா முறையில் இருந்தார்கள். அந்நிய ஆண்கள் முன்னால் வரமாட்டார்கள். அவர்களுக்கும் தங்கள் முகத்தைப் படத்தில் பார்க்க ஆசை இருக்காதா? 1892-ஆம் ஆண்டு தீன் தயாள் ஐதராபாத்தில் பெண்களுக்கென்று தனி ஸ்டுடியோ வைத்தார். ஓர் ஆங்கிலப் பெண்மணியிடம் அதன் பொறுப்பைக் கொடுத்தார். வருகிறவர்களுக்கு என்ன சங்கடம் என்று அவர் யோசித்தார். அந்தச் சங்கடத்தை நீக்கினார். நம்பிக்கை வந்தது.

தீன் தயாள் 1905-ஆம் ஆண்டு காலமானார். அவருடைய கண்ணாடி நெகட்டிவ்கள் 2,800-க்கும் மேல் இன்று டெல்லியில் இந்திரா காந்தி தேசியக் கலை மையத்தில் பத்திரமாக இருக்கின்றன.

பெயர் எழுதாத படம்

ஆப்பிரிக்காவில் மாலி என்று ஒரு நாடு. அதன் தலைநகர் பமாக்கோ. அங்கே செய்து கேய்ட்டா என்பவர் 1948-ஆம் ஆண்டு ஒரு ஸ்டுடியோ திறந்தார். பள்ளிக்கூடம் போய்ப் படக்கலை படித்தவர் இல்லை. வந்தவர்களை அழகாக உட்காரவைப்பார். நல்ல உடை உடுத்திவந்து ஜனங்கள் படம் எடுத்துக்கொண்டார்கள். எடுத்த படங்களில் தம் பெயர் முத்திரையைக் குத்தினார். அந்த முத்திரை இருந்தால் ஊரில் பெருமை.

ஆனால் முத்திரை இல்லாமல் சில படங்கள் வெளிநாட்டுக்குப் போயின. 1991-ஆம் ஆண்டு அமெரிக்காவின் நியூயார்க் நகரில் ஒரு கண்காட்சி நடந்தது. அங்கே கேய்ட்டாவின் படங்களை வைத்தார்கள். யார் எடுத்தது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. பெயர் தெரியாதவர் எடுத்தது என்று எழுதிவைத்தார்கள். படத்தைப் பார்த்தவர்கள் வியந்தார்கள். பிறகு ஒருவர் பமாக்கோவுக்கே தேடிப் போய்க் கேய்ட்டாவைக் கண்டுபிடித்தார். 1994-ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் அவர் பெயரிலேயே கண்காட்சி நடந்தது.

ஒரு சின்ன ரப்பர் முத்திரைக்கு எவ்வளவு மதிப்பு என்று பாருங்கள்.

புனேயில் ஒரு பெண்

சரி, மறுபடியும் புனேக்கு வாருங்கள். அங்கே ராஸ்தா பேட்டையில் ஒரு தமிழ்ப் பெண் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்தாவது வரை படித்தவர். கல்யாணப் போட்டோத் தொழிலில் இறங்க ஆசைப்படுகிறார். அவர் என்ன செய்ய வேண்டும்?

முதலில் ஒரு மூத்த போட்டோக்காரரிடம் உதவியாளராகச் சேர்கிறார். விளக்கைப் பிடிக்கிறார். பையைச் சுமக்கிறார். எந்தச் சடங்கு எப்போது வரும் என்று பார்த்துக் கற்கிறார். மராத்தியர் கல்யாணத்தில் பெண்ணின் தம்பி மாப்பிள்ளையின் காதைத் திருகுவான். மாப்பிள்ளை அவனுக்குப் பரிசு கொடுப்பார். விளையாட்டான சடங்கு அது. முன்பே தெரிந்தவர் கேமராவோடு தயாராக நிற்பார். தெரியாதவர் எல்லாரும் சிரித்த பிறகு ஓடிவருவார். தமிழ்க் கல்யாணச் சடங்குகள் இந்தப் பெண்ணுக்கு வீட்டிலேயே தெரியும். இரண்டு முறையும் தெரிந்தவர் புனேயில் எத்தனை பேர்? அதுவே அவருடைய பலம்.

இன்னொரு பலமும் உண்டு. கல்யாணத்துக்கு முன்னால் மணப்பெண்ணுக்கு மஞ்சள் பூசுவார்கள். பச்சை வளையல் போடுவார்கள். அலங்காரம் நடக்கும். ஆண் போட்டோக்காரர் அங்கே தயங்கி நிற்பார். பெண் போட்டோக்காரர் கூசாமல் உள்ளே போகலாம். தீன் தயாள் அன்றைக்குப் புரிந்துகொண்ட விஷயம் இன்றைக்கும் பயன்படுகிறது.

உதவியாளராக இருக்கும்போது எடுத்த படங்கள் மூத்தவர் பெயரில் போகும். அது தொழில் வழக்கம். ஹோமாய் வியாரவாலா என்ற அம்மையாருக்கு இதைவிடக் கஷ்டம். அவர் 1913-ஆம் ஆண்டு குஜராத்தின் நவ்சாரியில் பிறந்தவர். இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் போட்டோக்காரர் என்று பெயர் பெற்றவர். ஆனால் தொடக்கத்தில் அவர் எடுத்த படங்கள் அவர் கணவர் பெயரில்தான் பத்திரிகையில் வந்தன. பிறகு சொந்தப் பெயரில் புகழ் பெற்றார். 2011-ஆம் ஆண்டு அரசாங்கம் அவருக்குப் பத்ம விபூஷண் விருது கொடுத்தது. அப்போது அவருக்கு 97 வயது.

ஆகவே உதவியாளர் முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. "அண்ணா, நான் எடுத்த படங்களில் பத்துப் படத்தை என் வேலை என்று நாலு பேருக்குக் காட்டலாமா?" என்று மரியாதையாகக் கேட்கலாம். சரி என்றால் காட்டலாம். வேண்டாம் என்றால் காட்டக் கூடாது. மற்றவர் எடுத்த படத்தைத் தன் படம் என்று காட்டுவது திருட்டு. ஒருநாள் வெளியே தெரிந்துவிடும்.

ஒரு தாள், இரண்டு கையெழுத்து

அந்தப் பெண் இப்போது தனியாகத் தொழில் தொடங்கிவிட்டார். கட்கியிலிருந்து ஓர் அம்மா வருகிறார்.

"ஏம்மா, என் பொண்ணு கல்யாணத்துக்கு நீதான் படம் எடுக்கணும். எவ்வளவு கேக்கறே?"

"முதல்ல உக்காருங்கம்மா. முகூர்த்தம் எத்தனை மணிக்கு? தாய்மாமன் வர்றாரா? படத்துல கண்டிப்பா இருக்கவேண்டியவங்க யார் யாரு?"

"என் மாமியார் இருக்காங்க. எண்பது வயசு. மேடைக்கு ஏற முடியாது. எங்கேயாவது மூலையில உக்காந்திருப்பாங்க."

அந்தப் பெண் நோட்டில் எழுதிக்கொள்கிறார்: 'பாட்டி. மேடைக்கு வரமாட்டார். தேடிப் போய் எடுக்க வேண்டும்.' பிறகு ஒரு தாளை எடுத்து நீட்டுகிறார்.

"இது எதுக்கும்மா? வாய்ப்பேச்சு போதாதா? நம்ம ஊர்க்காரங்கதானே?"

"நம்ம ஊர்க்காரங்களா இருக்கறதாலதான் எழுதிக்கணும்மா. ஆறு மாசம் போனா உங்களுக்கும் மறந்துபோகும். எனக்கும் மறந்துபோகும். அப்புறம் மனஸ்தாபம் வரும். தாள் மறக்காது."

அந்தத் தாளில் என்ன இருக்கிறது? கேளுங்கள்:

1. கல்யாணத் தேதி, முகூர்த்த நேரம், மண்டபத்தின் பெயர்.
2. படம் எடுக்க எத்தனை பேர் வருவார்கள். எத்தனை மணி நேரம் இருப்பார்கள்.
3. ஆல்பத்தில் எத்தனை பக்கம். வீடியோ உண்டா, இல்லையா.
4. மொத்தப் பணம் எவ்வளவு. அட்வான்ஸ் எவ்வளவு. பாக்கியை எப்போது தர வேண்டும்.
5. எந்தத் தேதிக்குள் ஆல்பம் கைக்கு வரும்.
6. போட்டோக்காரருக்கு உடம்பு சரியில்லாமல் போனால் யார் வருவார்.
7. கல்யாணம் தள்ளிப்போனால் அட்வான்ஸ் என்ன ஆகும்.
8. படங்களை மற்றவர்களுக்குக் காட்டலாமா, கூடாதா.

இரண்டு பிரதி. இரண்டிலும் இரண்டு பேர் கையெழுத்து. ஆளுக்கு ஒன்று. கட்கி அம்மா தாளை வாங்கி ஒவ்வொரு வரியாகப் படிக்கிறார். நிதானமாகத் தம் பெயரை எழுதுகிறார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் என்றால் கைநாட்டு வைத்திருப்பார். படிக்காமலே வைத்திருப்பார்.

இந்தத் தாள் யாருக்குப் பாதுகாப்பு? இரண்டு பேருக்கும்தான்.

ஒரே நாளில் மூன்று கல்யாணம்

நல்ல முகூர்த்த நாளில் மூன்று வீட்டார் கூப்பிடுவார்கள். மூன்று அட்வான்ஸையும் வாங்கிப் பையில் போட ஆசை வரும். சிலர் அப்படிச் செய்வார்கள். ஒரு கல்யாணத்துக்கு மட்டும் தாம் போவார்கள். மற்ற இரண்டுக்கும் வேலை தெரியாத பையன்களை அனுப்புவார்கள். பணம் அன்றைக்கே வந்துவிடும். பெயர் மெல்லப் போகும்.

அந்தப் பெண் என்ன செய்கிறார்? ஒன்றை ஒப்புக்கொள்கிறார். மற்றவர்களிடம், "அன்னைக்கு எனக்கு வேலை இருக்கும்மா. எனக்குத் தெரிஞ்ச நல்ல போட்டோக்காரர் இருக்கார். அவர்கிட்ட பேசிப் பாருங்க" என்கிறார். கைக்கு வந்த பணம் போகிறது. வீட்டு வாடகை கொடுக்க வேண்டிய மாதத்தில் அது சுலபம் இல்லை. ஆனாலும் அந்த வீட்டார் அவரை மறக்க மாட்டார்கள்.

படம் அழிந்துபோனால்

அந்தக் காலத்தில் பிலிம் சுருளில் படம் எடுத்தார்கள். இப்போது ஒரு சின்னக் கார்டில் படம் பதிவாகிறது. அந்தக் கார்டு கெட்டுப்போகலாம். தொலைந்தும் போகலாம். அதற்குள் ஒரு குடும்பத்தின் கல்யாணமே இருக்கிறது.

இரண்டு கார்டு போடும் கேமராக்கள் உண்டு. ஒரே படத்தை இரண்டிலும் பதியும்படி செய்யலாம். வீட்டுக்கு வந்ததும் தூங்குவதற்கு முன்னால் படங்களை இரண்டு இடத்தில் நகல் எடுத்துவைக்க வேண்டும். ஒரு நகலை வேறு வீட்டில் வைப்பது இன்னும் நல்லது. மழை வந்தாலும் திருட்டுப் போனாலும் ஒன்று மிஞ்சும்.

அந்தப் பெண்ணிடம் தொடக்கத்தில் ஒரு கார்டு போடும் கேமராதான் இருந்தது. ஒரு கல்யாணத்தில் மஞ்சள் பூசும் படங்கள் இருந்த கார்டு கெட்டுப்போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் என்ன செய்யலாம்? கேமரா மேல் பழி போடலாம். "அந்தச் சடங்குக்கு நீங்கள் என்னைக் கூப்பிடவே இல்லை" என்று சாதிக்கலாம். போன் வந்தால் எடுக்காமல் இருக்கலாம்.

அவர் மறுநாள் காலையிலேயே அந்த வீட்டுக்குப் போகிறார். அவர்கள் கேட்பதற்கு முன்னால் தாமே சொல்கிறார். "அண்ணா, தப்பு என்னுடையது. மஞ்சள் படங்கள் போய்விட்டன" என்கிறார். அந்த வேலைக்கு வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுக்கிறார். உறவினர்கள் செல்பேசியில் எடுத்த படங்களைக் கேட்டு வாங்கி, சரிசெய்து, ஆல்பத்தில் சேர்த்துக் கொடுக்கிறார்.

அவர்கள் மன்னித்தார்களா? மன்னிக்காமலும் இருக்கலாம். அந்தப் பெண்ணின் அப்பா கடைசிவரை முகம் கொடுத்துப் பேசாமல் இருக்கலாம். அது அவருடைய உரிமை. அவருடைய மகளின் மஞ்சள் நாள் திரும்பி வராது. ஆனால், "ஏமாற்றிவிட்டாள்" என்று மட்டும் அவர் சொல்ல மாட்டார். கெட்ட நாளிலும் உண்மை பேசினால் அவ்வளவாவது மிஞ்சும்.

மணப்பெண்ணின் படம் யாருடையது?

நல்ல படங்களை நாலு பேருக்குக் காட்டினால்தான் வேலை வரும். முன்பு ஸ்டுடியோ வாசலில் கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். இப்போது வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் போடுகிறார்கள். அங்கே போட்டால் ஊர் உலகமே பார்க்கும். யார் வேண்டுமானாலும் நகல் எடுப்பார்கள். ஒரு பெண்ணின் படம் தப்பான கைக்குப் போனால் அவளுக்கு எவ்வளவு தொல்லை!

இதில் சட்டம் என்ன சொல்கிறது? 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் இருக்கிறது. பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படத்தின் உரிமை, எடுக்கச் சொன்னவருக்கே உண்டு. வேறு மாதிரி ஒப்பந்தம் செய்துகொண்டால்தான் அது மாறும். கேமரா போட்டோக்காரருடையது. ஆனாலும் கல்யாணப் படத்தின் உரிமை, பணம் கொடுத்துச் சொன்ன வீட்டாருடையது. அதே சட்டம் போட்டோக்காரருக்கும் ஓர் உரிமை கொடுக்கிறது. 'இதை எடுத்தவர் இவர்' என்று சொல்லிக்கொள்ளும் உரிமை அது.

அதனால்தான் அந்தத் தாளில் எட்டாவது வரி இருக்கிறது. மணப்பெண்ணையும் தனியாகக் கேட்க வேண்டும். "இந்தப் படத்தைக் காட்டலாமா, தாயி?" என்று மராத்திப் பெண்ணிடம் கேட்கலாம். தாயி என்றால் மராத்தியில் அக்கா. "வேண்டாம்" என்று அவர் சொன்னால் பேச்சு அதோடு முடிந்தது.

பலகையில் எழுதும் பெயர்

கடைசியாகப் பலகைக்கு வாருங்கள். பலர் முதலில் பலகையைத்தான் யோசிப்பார்கள். பெயர் வைக்கும்போது இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். அதே தொழிலில் வேறு யாராவது அந்தப் பெயரை வைத்திருக்கிறார்களா? அந்த ஊர்க்காரர் வாயில் அது நுழையுமா? மராத்தியில் 'ள' உண்டு. 'ழ' கிடையாது. தமிழில் 'ழ' எவ்வளவு அழகாக இருந்தாலும் புனேயில் வாடிக்கையாளர் தடுமாறுவார். பெயரைச் சொல்ல முடியாதவர் இன்னொருவரிடம் எப்படிச் சொல்வார்?

மகாராஷ்டிரத்தில் கடைப் பலகையின் பெயர் மராத்தியில், தேவநாகரி எழுத்தில் இருக்க வேண்டும். 2022-ஆம் ஆண்டு முதல் சின்னக் கடைகளுக்கும் இந்தச் சட்டம் உண்டு. பக்கத்தில் தமிழிலும் எழுதலாம். ஆனால் மராத்தி எழுத்தைவிட மற்ற எழுத்து பெரிதாக இருக்கக் கூடாது.

சிறு தொழில் என்று உத்யம் பதிவு செய்துகொள்ளலாம். அரசாங்கம் இதை 2020-ஆம் ஆண்டு ஜூலை 1-ஆம் தேதி தொடங்கியது. ஆதார் எண் வேண்டும். கட்டணம் கிடையாது. கட்டணம் என்று யாராவது பணம் கேட்டால் ஏமாறாதீர்கள். கேமரா வாங்க வங்கியில் முத்ரா கடன் கேட்கலாம். இந்தத் திட்டம் 2015-ஆம் ஆண்டு வந்தது. அதில் சிசு என்ற பிரிவில் 50,000 ரூபாய் வரை கடன் உண்டு.

தொழில் வளர்ந்த பிறகு பெயரை வணிக முத்திரையாகப் பதிவு செய்யலாம். இதற்கு 1999-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. பதிவு 10 ஆண்டுக்குச் செல்லும். பிறகு புதுப்பிக்கலாம். பதிவு செய்தால் அதே தொழிலில் வேறொருவர் அந்தப் பெயரை வைத்து ஏமாற்ற முடியாது. சட்டத்தைக் காட்டித் தடுக்கலாம்.

சட்டம் பலகையில் உள்ள பெயரைக் காப்பாற்றும். ஜனங்கள் வாயில் உள்ள பெயரை அவரவர் வேலைதான் காப்பாற்ற வேண்டும்.

மூலையில் இருந்த பாட்டி

கட்கி அம்மா வீட்டுக் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. சொன்ன தேதிக்கு ஆல்பம் வந்தது. புரட்டிப் பார்க்கிறார்கள். திரை விலகுவது போலத் தாலி கட்டும் விநாடி சரியாக விழுந்திருக்கிறது. எல்லாருக்கும் சந்தோஷம். நடுவில் ஒரு பக்கத்தில் மாமியார் இருக்கிறார். நாற்காலியில் உட்கார்ந்து, பேத்தி கன்னத்தைத் தொட்டுச் சிரிக்கிறார். யாரும் அந்த நேரத்தைக் கவனிக்கவில்லை. போட்டோக்காரப் பெண் தேடிப் போய் எடுத்திருக்கிறார்.

எண்பது வயதுப் பாட்டி. அடுத்த கல்யாணத்துக்கு இருப்பாரோ, மாட்டாரோ. ஒருநாள் அந்தப் படத்துக்குப் பொட்டு வைத்து மாலை போட வேண்டி வரும். அப்போது வருகிற உறவினர்கள் கேட்பார்கள்: "பாட்டி எவ்வளவு அழகா சிரிக்கறாங்க! யார் எடுத்தது?"

யாராவது படத்தைத் திருப்பிப் பார்ப்பார்கள். பின்னால் ஒரு பெயர் இருக்கும். படிப்பார்கள்.

நண்பர்களே, நீங்கள் தையல் வேலை செய்யலாம். கொத்தனாராக இருக்கலாம். இட்லிக் கடை வைத்திருக்கலாம். உங்கள் வேலையின் பின்பக்கத்திலும் உங்கள் பெயர் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் இருக்கிறது.

கூடிப் பேசுங்கள்

1. உங்கள் ஊரில் நல்ல பெயர் எடுத்த தொழிலாளி யார்? எதனால் அந்தப் பெயர் வந்தது?
2. வாய்ப்பேச்சில் வேலை ஒப்புக்கொண்டு பிறகு சண்டை வந்தது உண்டா? எதை எழுதி வைத்திருந்தால் சண்டை வந்திருக்காது?
3. படங்கள் அழிந்துபோன வீட்டாராக நீங்கள் இருந்தால் அந்தப் பெண்ணை மன்னிப்பீர்களா?
4. உங்கள் தொழிலுக்கு ஏற்ற மாதிரி ஒரு ஒப்பந்தத் தாள் எழுதுங்கள். தேதி, வேலை, பணம், கையெழுத்து நான்கும் இருக்கட்டும்.